அண்ணியின் நீலக்கல்

என் அண்ணன் கல்யாணம் முடிந்து அண்ணி நியாலாஸ் தோட்டத்து வீட்டுக்கு வந்த நாளில், லோரியிலிருந்து இறக்கிய சாமான்களோடு ஒரு சதுர பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் ரோஜாப்பூப் படம், மூலைகளில் துரு. முறுக்கோ அதிரசமோ என்று நினைத்துத் தூக்கப்போன பக்கத்து வீட்டு அத்தை, இரண்டு கையாலும் பிடித்தும் தாங்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். திறந்தால் உள்ளே பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றி வைத்த கற்கள். "பொண்ணு வீட்டுல கல்லையா சீர் வெச்சு அனுப்பியிருக்காங்க?" என்று யாரோ கேட்க, கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. புதுப்பெண் என்ற கூச்சம் துளியும் இல்லாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பொட்டலமாகத் தொட்டு, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். "இது முறுக்கு இல்ல. உடைஞ்சா திரும்பச் சுட முடியாது," என்றார்.

பக்கத்தில் இருந்த ஒரு பொட்டலத்தை நானும் பிரித்தேன். வெள்ளைப் படிகத்தின் மேல் கருப்பாக ஒரு கல் உட்கார்ந்திருந்தது. கருப்பு என்றால் கரியின் கருப்பு இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஓரங்களில் பால் ஊற்றாத தேநீரின், தே-ஓவின் நிறம் தெரிந்தது. யாரோ அளந்து அறுத்த மாதிரி பளபளவென்று முகங்கள், நடுவில் இரண்டு கற்கள் ஒட்டிப் பிறந்தது போல ஒரு சின்னப் பள்ளம். "ஈயக்கல்லு. ரெட்டைப் புள்ள," என்று அண்ணி சொல்லி, அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பா பகாங்கில், சுங்கை லெம்பிங்கில், ஈயச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகும் அந்த மனிதர் வீட்டில் மிச்சம் இருந்தவை இந்தக் கற்கள்தான். அன்று என் கை காலியானதும் எனக்குள் வந்ததை என்னவென்று சொல்வது? வேறு வீடுகளில் நாத்தனார்கள் அண்ணிமீது பொறாமைப்படுவது அண்ணனுக்காக. நான் பொறாமைப்பட்டது அந்தக் கல்லுக்காக. அண்ணனை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போது நான் மலாக்கா நகரத்தில் ஒரு இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சோதனைக் குழாய் கழுவுவது, அமிலப் புட்டிகளை எண்ணி அடுக்குவது, மாணவர்கள் கொட்டியதைத் துடைப்பது என் வேலை. அண்ணி வந்த அடுத்த வாரமே பள்ளி நூலகத்தில் கற்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுத்தேனா என்று இப்போது கேட்காதீர்கள். எந்தக் கல்லில் என்ன உலோகம், எது அமிலத்தில் கரையும், எது கரையாது, உலகத்தில் எந்த ஊரில் எந்தக் கல் அழகாகக் கிடைக்கும் என்று எல்லாம் படித்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கவும் ஆரம்பித்தேன். நாசிக்கிலிருந்து வரும் பச்சைப் படிகம், பெருவிலிருந்து வரும் பொன்னிறக் கல், இங்கிலாந்தின் பழைய சுரங்கத்து ஊதாக் கனசதுரம். கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கி விளக்கும் போட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று நான் நின்றுவிட்டதற்கும் கல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அண்ணி விடவில்லை. "நான் உங்க அண்ணனைக் கட்டுனேன், நீ கல்லைக் கட்டிக்கிட்ட. உன் வீட்டுலதான் சத்தம் இல்ல," என்பார்.

அண்ணிக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. கல்லை அவர் ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார். லெம்பிங், நாசிக்கு, கம்பார். ஒவ்வொரு கல்லின் அடியிலும், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் ஊரை எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊர் தெரியாவிட்டால் அதை அலமாரியில் ஏற்ற மாட்டார். "ஊரு தெரியாத கல்லுக்கும் ரோட்டுல லோரி அரைக்கிற கல்லுக்கும் என்னலா வித்தியாசம்?" என்று கேட்பார். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர்களும் இதையே பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அவருடைய கண். கோலாலம்பூரில் கல் கண்காட்சி என்றால் இருவரும் ஒன்றாகத்தான் போவோம், என் காரில். நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மேசைக்கு ஒரு மணி நேரம் நிற்பேன். நுனி உடைந்திருக்கிறதா, ஒட்டவைத்திருக்கிறார்களா, சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஒன்றைப் பொறுக்குவேன். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி ஒரு சுற்று வருவார். வந்து, நான் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய தட்டிலிருந்து ஒன்றை எடுப்பார். வீட்டுக்கு வந்து கழுவி வைத்தால் அது என் கல்லைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒருமுறை இருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். வருடக்கணக்கில் இதே கதை. "படிச்ச கண்ணு பேரைப் பாக்குது, நான் கல்லைப் பாக்குறேன்," என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. நான் சிரித்துக்கொண்டே கார் ஓட்டுவேன். ஆயர் கெரோ சுங்கச் சாவடி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

கழுவுவது என்றேன். அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் துருவும் மண்ணும் அப்பியிருக்கும். லெம்பிங்கில் சுரங்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் போக்கப் புளிதான் போடுவார்களாம். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கக் கரைத்த புளித்தண்ணீரில் மிச்சம் இருந்தால், அதில் கல்லை இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பார்கள். துரு கழன்று வெள்ளைப் படிகம் பளிச்சென்று வரும். ஈயக்கல்லையும் படிகத்தையும் புளி ஒன்றும் செய்யாது. அவை கடும் அமிலத்துக்கே அசையாத சாதி. அண்ணி தன் வாழ்நாளில் கழுவியது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். அதனால் கல் என்றால் புளி என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த எனக்கோ, எந்தக் கல் புளியில் பிழைக்கும், எது பிழைக்காது என்று மனப்பாடம்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, துணி எடுக்க அண்ணி மலாக்காவுக்கு வந்தார். திரும்பும் வழியில், பழைய சாமான் விற்கும் ஒரு சீனத் தவ்கேயின் கடைக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். ஜாசின் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில், துரையின் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது என்று கடைக்காரத் தவ்கே ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். பெட்டி நிறையத் தூசி, தூசிக்குள் கற்கள். "அம்பில் லா," எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை ஆட்டிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். முதலில் கையை விட்டது நான். இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும். கையளவில், செம்மண்ணும் ஒட்டடையும் அப்பிய ஒரு கருப்புக் கட்டி என் கைக்கு வந்தது. உலையிலிருந்து கொட்டிய கசடு என்று நினைத்துத் திரும்பப் போட்டுவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அழகான ஊதாப் படிகம் ஒன்று கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தேன்.

அண்ணி நான் போட்டதை எடுத்தார். கடைக்கு முன்னால் இருந்த நடைபாதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கல்லின் ஒரு ஓரத்தில் தேய்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வந்து, இரண்டு கல்லுக்கும் சேர்த்து விலை பேசி, அதை வெண்டைக்காய்ப் பையில் போட்டுக்கொண்டார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் காட்டினார். எச்சில் பட்ட இடத்தில், ஒரு விரல்நுனி அளவுக்கு, நீலம். நான் அதுவரை படத்தில் மட்டும் பார்த்திருந்த நீலம். செம்பு கலந்த பாறையில் பிறக்கும் அசுரைட் என்ற கல் அது. கண்ணாடித் தகடுகளை நிறுத்தி வைத்த மாதிரி மண்ணுக்குள் கூர்கூராக நின்றது. "நீ கீழ போட்டியேலா இத?" என்று கேட்டார். கேலிதான், வேறொன்றும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன், பச்சை விழுந்தது தெரியவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

அடுத்த வாரம் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். பெட்டியைக் கவிழ்த்தே பார்த்தேன். வேறு நல்ல கல் ஒன்றும் இல்லை. அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு சீட்டு கிடந்தது. பழுப்பு மையில் சாய்ந்த வெள்ளைக்காரக் கையெழுத்து. அசுரைட் என்றும், ஒரு ஊரின் பெயரும் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அந்த ஊருக்கு என்று தனியாக நான்கு பக்கம் இருந்தது. உலகத்தில் கல் சேர்ப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது, நம்மவர்கள் பழனி என்று சொல்வது போலச் சொல்வார்களாம். அங்கேயும் சுரங்கத்தை மூடியாகிவிட்டது. இனி வெளியே இருப்பது மட்டும்தான் கணக்கு. அந்தச் சீட்டை அண்ணியிடம் கொடுத்திருக்கவேண்டும். கொடுத்தால் கல் இன்னும் பெரிதாகிவிடும், அண்ணியும் பெரிதாகிவிடுவார். புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். தீபாவளிக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் இருந்த என்னை அண்ணி கைப்பேசியில் கூப்பிட்டார். மண்ணைத் தண்ணீரில் கழுவிவிட்டாராம், துரு மட்டும் போகவில்லையாம். "வெளக்குக்குப் புளி கரைச்சிருக்கேன். இதையும் அதுலயே போட்டுறட்டா?" என்று கேட்டார்.

அந்தக் கல் புளியில் பிழைக்காத இனம். சுண்ணாம்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் எப்படிப் பொங்குமோ அப்படித்தான் இதுவும். மெதுவாகப் பொங்கும், முகம் அழியும், பளபளப்பு போனால் திரும்ப வராது. ஒரு வார்த்தை போதும், "வேணாம்." மூன்று எழுத்து. எதிரே அமிலப் புட்டிகள் வரிசையாக நின்றன, நான் என் கையால் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டுகளோடு. ஒரு பக்கம் அந்த நீலம், ஒரு பக்கம் நான் கைக்குட்டையில் துடைத்த விரல். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அண்ணியும் "ஹலோ" என்று கூப்பிடவில்லை, காத்திருந்தார். பிறகு என் குரல் சொன்னது: "போடுங்க அண்ணி. எல்லாத்துக்கும் போடுறதுதானே." சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடியும்வரை திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. கைப்பேசியில் காசும் இருந்தது. நான் சோதனைக் குழாய்களைத் துலக்கினேன், ஏற்கனவே துலக்கியவற்றையும்.

தீபாவளி அன்று நியாலாஸுக்குப் போனேன். அண்ணி பலகாரத் தட்டை வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அதில் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு. ஓரங்கள் மழுங்கி, துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடையின் நீலத்தில் இருந்தது. "போச்சுலா," என்றார். மற்றதெல்லாம் என்று கேட்டேன். "அதே கதிதான். பாத்தா வயிறு எரியுதுன்னு செம்பனை ஓரமா கொட்டிட்டேன்." நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே முதலில் ஒரு நிம்மதி வந்தது, இனிப்பாகவே வந்தது. இரண்டு முறுக்கு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு, போன் பேசுவது போல நடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்களின் வரிசை ஓரமாக நடந்து பார்த்தேன். அழிந்துபோன கல்லாவது கிடைக்குமா என்று. எவ்வளவு கேவலம் பாருங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மழுங்கிய துண்டை அண்ணி தூக்கிப் போடவில்லை. அலமாரியில், எல்லாக் கல்லுக்கும் முன்னால், நடுவில் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டுவார். நான் இருந்தால் கட்டாயம் காட்டுவார். "நல்ல கல்லுங்க. இவளக் கேட்டுத்தான் புளியில போட்டேன். லேப்புல வேலை செய்யுறவளுக்கே தெரியல, நமக்கு எங்க தெரியும்?" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்பது போலச் சிரிப்பார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சின்ன வயதில் பள்ளியில் படித்திருக்கிறேன், அதன் பொருள் அந்த வீட்டு நாற்காலியில்தான் விளங்கியது. எனக்குத் தெரியும் என்று சொன்னால் நான் கெட்டவள். தெரியாது என்று ஒப்புக்கொண்டால் முட்டாள். நான் முட்டாளாகவே இருந்துகொண்டேன். கல்லைப் பற்றி எனக்கு இருந்த படிப்பு ஒன்றுதான் அண்ணியைவிட எனக்கு அதிகமாக இருந்தது. அதையும் இருபது வருடமாக, தீபாவளிக்குத் தீபாவளி, ஊரார் முன்னால் இழந்தேன். கண்காட்சிக்குப் போவதும் குறைந்தது. போனாலும் அண்ணி எது எடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

தோட்டத்து வேலையை விட்டு அண்ணன் குடும்பம் மஸ்ஜித் தானாவுக்குக் குடிபெயர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளை அங்கே வீடு வாங்கினான். சென்ற ஆண்டு அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். மறுநாள் மத்தியானம், விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பின்கட்டில் நானும் அண்ணியும் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை, அதனால் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் வாளி நிறையக் கரைத்த புளி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன ஆயிற்றோ. குத்துவிளக்கின் தண்டைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன், "அண்ணி, அந்த நீலக்கல்லு. புளியில போட்டா கெட்டுப்போகும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அண்ணி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்லா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். "போன்ல நீ யோசிச்ச. மூச்சு மட்டும் கேட்டுச்சு. ஈயக்கல்லுன்னா நீ யோசிப்பியா? டக்குனு போடுங்கன்னு சொல்லியிருப்ப. ஆழம் பாக்காம காலை விடுவாங்களா? கீழ ஒட்டிக்கிட்டிருந்த ஒரு துணுக்கைக் கிள்ளி, அத மட்டும் போட்டுப் பாத்தேன்." விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "காலையில பாத்தா தண்ணி பச்சையா இருக்கு."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பழைய பனியன் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து, மடியில் வைத்துப் பிரித்தார். முழுதாக இருந்தது. ஒரு தகடுகூட உடையாமல், துரு கொஞ்சமும் குறையாமல், பின்கட்டு நிழலில் கருப்பாக இருந்தது. அண்ணி லேசாகச் சாய்த்தார். தகடுகளின் ஓரத்தில் வெயில் பட்டு, அத்தனையும் ஒரே நேரத்தில் நீலமானது. நல்ல மனுஷியாக இருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். நான் அழிக்கவில்லை, அப்பாடா என்று இருந்திருக்கும். இருபது வருடப் பாரம் இறங்கியது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. இது இன்னும் இவரிடம்தான் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நான் ஊர் முன்னால் முட்டாளாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தீபாவளிக்கும், பத்தடி தூரத்தில், பீரோவுக்குள். அண்ணி கல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கார்ல ஏறுனதும் காட்டுனேன்ல, அன்னிக்கு இருந்த மூஞ்சி அப்படியே இருக்குது," என்றார்.

நான் கையை நீட்டினேன். அண்ணி கொடுக்கவில்லை. கல்லை மெதுவாகப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். பழுத்துப்போன பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. "இத இத்தனை வருசமா அலமாரியில ஏத்தல. ஏன்னு கேளு. ஊரு தெரியாது. உன்னத் தவிர யாரைக் கேக்குறது? உன்னக் கேட்டா கல்லு இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுபோயிரும். பையன் போன்ல படம் புடிச்சுத் தேடுனான், பத்து ஊரக் காட்டுது. ஒரு கல்லு பத்து ஊர்லயா பொறக்கும்?" அவருடைய குரலில் அப்போது கேலி இல்லை. லெம்பிங்கை அடுத்தவர் தப்பாக உச்சரித்தாலே திருத்துகிற மனுஷி, தன்னிடம் இருந்த கற்களிலேயே நல்ல கல்லை ஊர் இல்லை என்பதற்காக இருட்டில் வைத்திருந்திருக்கிறார். புளித்தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலால் நைட்டிப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பீரோவுக்குப் போனபோதே எடுத்து வந்திருக்கிறார். "சொல்லு. எந்த ஊரு?"

"தெரியல அண்ணி," என்றேன்.

அவர் பேனா மூடியை ஒருமுறை திறந்து மூடினார். "இந்தத் தடவை நீ யோசிக்கவே இல்லியே," என்றார். பிறகு கல்லைத் துணியில் சுற்றினார். கடைசியாக மறைந்தது அந்தத் தகடுகளின் நுனி. பீரோவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்த விளக்கை என் பக்கம் தள்ளினார். "தேய். சாயங்காலம் ஏத்தணும்." நான் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் ஆகிவிட்டன. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம், பேசிக்கொள்கிறோம். அலமாரியில் அந்த மழுங்கிய துண்டு அதே இடத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடம் அண்ணி அதே கதையைச் சொல்கிறார். நானும் அதே முட்டாள் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது இரண்டு பேருக்கும் தெரியும் என்பதுதான் வித்தியாசம். வயது அறுபதை நெருங்கும்போது இந்தக் குணமெல்லாம் தானாகக் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

லெம்பிங், நாசிக், பெரு என்று இத்தனை ஊர் எழுதிய நான், அந்த ஒரு ஊரின் பெயரை இங்கே எங்கும் எழுதவில்லை. மறந்துவிட்டதால் இல்லை, அந்தச் சீட்டு இன்னும் என் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. அண்ணி தமிழில் எது அச்சானாலும் விடாமல் படிப்பார், இதையும் படிப்பார். படித்த உடனே போன் செய்வார். போனில் சொல்ல மாட்டேன். கல்லை எடுத்துக்கொண்டு மலாக்காவுக்கு, என் வீட்டுக்கு வரட்டும். கடையில் நான் கீழே போட்ட நாளுக்குப் பிறகு அது என் கைக்கு வரவே இல்லை. ஒரே ஒரு முறை, துணி இல்லாமல், என் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்கட்டும். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.